9 நாளில் 11 என்கொயரி: இனி எனக்கு வீட்டுக் கடன் கிடைக்குமா?

வாசகி ஒருவர் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை விட்டுவிட்டு, சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

அவருக்கு வயது 33. தனியார் பள்ளி ஆசிரியை, சம்பளம் 34,000 ரூபாய். இரண்டு மாதங்களுக்கு முன் அப்பாவுக்கு மாரடைப்பு வந்து அவசரமாக அறுவைசிகிச்சை செய்ய வேண்டியதாகிவிட்டது. காப்பீடு போக மூன்று லட்சம் ரூபாய் தேவை. 1,20,000 ரூபாய் லிமிட் உள்ள கிரெடிட் கார்டில் 1,08,000 ரூபாயை உடனே தேய்த்திருக்கிறார். மீதிக்கு பெர்சனல் லோன் கேட்டு ஒரு வங்கியின் செயலியில் விண்ணப்பித்தார். சில நிமிடங்களில் நிராகரிப்பு. உடனே இன்னொன்று. பிறகு பல வங்கிகளின் வட்டியை ஒப்பிட்டுக் காட்டும் தளம் ஒன்றில் படிவம் நிரப்பினார். அடுத்து ஓர் ஏஜென்ட்டிடம் பான், சம்பளச் சீட்டு எல்லாம் கொடுத்தார். 9 நாள் அலைந்தும் யாரும் தரவில்லை. கடைசியில் கணவரின் அண்ணன் கைமாற்றாகக் கொடுத்த பணத்தில்தான் மருத்துவமனை பில் தீர்ந்தது. அப்பா இப்போது நலம்.

அதற்குப் பிறகு, கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் ரிப்போர்ட்டைப் பார்த்தால் 764 ஆக இருந்த ஸ்கோர் 709. யார் யாரிடம் கடன் கேட்டார் என்பதைக் காட்டும் என்கொயரி பகுதியில் 11 வரிகள், அதில் இரண்டு அவர் கேள்விப்படாத நிறுவனங்கள். இன்னும் நான்கு மாதத்தில் கணவருடன் சேர்ந்து 25 லட்சம் ரூபாய் வீட்டுக் கடன் வாங்கி ஒரு ஃபிளாட் வாங்கத் திட்டம். "ரிப்போர்ட்டைப் பார்த்தாலே ஸ்கோர் குறையும் என்கிறார்கள், அதனால் அப்புறம் திறக்கவே இல்லை. 15,000 ரூபாய் கொடுத்தால் 11 என்கொயரியையும் அழித்துத் தருவதாக ஒருவர் சொல்கிறார். கார்டை மூடிவிடு என்கிறாள் தோழி. 45 நாளுக்குள் எத்தனை விண்ணப்பம் போட்டாலும் ஒன்றாகத்தான் கணக்கு என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். என்னால் கணவரின் ஸ்கோரும் கெட்டிருக்குமா? அவசரப்பட்டு எல்லாவற்றையும் நானே கெடுத்துவிட்டேனோ என்று தூக்கம் வரவில்லை" என்று முடிக்கிறார்.

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அப்பா ஐ.சி.யூ.வில் இருக்கும்போது யாரும் வட்டி விகிதத்தை ஒப்பிட்டு நிதானமாக விண்ணப்பிக்க மாட்டார்கள். நீங்கள் செய்ததைத்தான் பெரும்பாலானவர்கள் செய்வார்கள். வீட்டுக் கடன் வாய்ப்பு போய்விடவில்லை. ஆனால் உங்கள் கவலை முழுக்க அந்த 11 வரிகள் மேலேயே இருக்கிறது. கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில் நீங்கள் போகிறபோக்கில் எழுதிய வேறு இரண்டு விஷயங்கள்தான் என்னை அதிகம் யோசிக்க வைத்தன. அங்கே போவதற்கு முன், உங்களை ரிப்போர்ட் பக்கமே போகவிடாமல் தடுக்கும் பயத்தைத் தீர்த்துவிடலாம்.

பார்த்தால் குறையாது

உங்கள் ரிப்போர்ட்டை நீங்களே எடுத்துப் பார்ப்பதால் ஒரு புள்ளிகூடக் குறையாது. தினமும் பார்த்தாலும் குறையாது. அந்தப் பார்வை கடன் கொடுப்பவர்களின் கண்ணில் படுவதே இல்லை. கடன் கேட்டு நீங்கள் விண்ணப்பித்து, அதன் பேரில் ஒரு வங்கியோ நிதி நிறுவனமோ ரிப்போர்ட்டை எடுக்கும்போதுதான் என்கொயரி என்று ஒரு வரி பதிவாகும். யார் கேட்டார்கள், என்று கேட்டார்கள், எந்த வகைக் கடன், எவ்வளவு தொகை என்பது அதில் இருக்கும். கடன் கிடைத்ததா, நிராகரித்தார்களா என்பது அந்த வரியில் இருக்காது.

இந்தியாவில் இந்த ரிப்போர்ட்டைத் தயாரிக்கும் வேலையைச் செய்ய 2005-ஆம் ஆண்டின் கடன் தகவல் நிறுவனங்கள் சட்டத்தின் கீழ் நான்கு நிறுவனங்கள் உள்ளன: டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், சி.ஆர்.ஐ.எஃப். ஹை மார்க். ஒவ்வொன்றும் காலண்டர் ஆண்டுக்கு ஒருமுறை ஸ்கோருடன் முழு ரிப்போர்ட்டை இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. ஆக வருடத்துக்கு நான்கு இலவச ரிப்போர்ட். எல்லா வங்கியும் நான்கு இடத்திலும் விசாரிப்பதில்லை. அதனால் சிபிலில் இல்லாத ஒரு வரி வேறொன்றில் இருக்கலாம். இந்த வாரமே நான்கையும் எடுத்துவிடுங்கள்.

கணவரைப் பற்றிய பயமும் வேண்டாம். கணவன் மனைவி என்பதற்காக ஸ்கோர் ஒன்றாகாது. அவரவர் பான் எண்ணுக்கு அவரவர் கணக்கு. அந்த 11 விண்ணப்பங்களில் எதிலாவது அவரை இணை விண்ணப்பதாரராகச் சேர்த்திருந்தால் மட்டுமே அவர் ரிப்போர்ட்டிலும் அந்த வரி இருக்கும்.

அந்த 55 புள்ளி எங்கே போனது?

ஸ்கோர் போடும் சூத்திரத்தை இந்த நிறுவனங்கள் வெளியிடுவதில்லை. அதனால் ஒரு என்கொயரிக்கு இத்தனை புள்ளி என்று அடித்துச் சொல்பவரை நம்பாதீர்கள். அமெரிக்காவில் அதிகம் பயன்படும் ஃபைகோ ஸ்கோரைப் பொறுத்தவரை, ஒரு விசாரணையால் பெரும்பாலானவர்களுக்கு 5 புள்ளிக்கும் குறைவாகத்தான் இறங்கும் என்று அந்த நிறுவனமே சொல்கிறது. நீங்கள் பார்த்த வீடியோவும் அந்த ஊர்க் கதைதான். அங்கே வீடு, கார், கல்விக் கடன்களுக்கு 45 நாளுக்குள் வரும் விசாரணைகளைப் புதிய ஃபைகோ முறைகள் ஒன்றாக எண்ணுகின்றன. பெர்சனல் லோனுக்கும் கார்டுக்கும் அங்கேயே அந்தச் சலுகை கிடையாது. இங்கே அப்படி ஒரு விதி இருப்பதாக எண்ணித் திட்டம் போடாதீர்கள். உங்கள் 11 வரிகளும் 11 வரிகளாகவே நிற்கும்.

இப்போது அந்த மூன்றாம் பக்கத்துக்கு வருவோம். "கார்டில் மினிமம் டியூ மட்டும் கட்டி வருகிறேன்" என்று, அதாவது மாதாமாதம் கட்டியே ஆக வேண்டிய குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டுவதாக, எழுதியிருக்கிறீர்கள். 1,20,000 லிமிட்டில் 1,08,000 நிலுவை என்றால் 90 சதவீதம். கார்டு லிமிட்டை இப்படி விளிம்புவரை பயன்படுத்துவது ஸ்கோரை நன்றாகவே இறக்கும். நீங்கள் கார்டைத் தேய்த்ததும் விண்ணப்பித்ததும் ஏறக்குறைய ஒரே வாரத்தில் நடந்திருக்கின்றன. அதனால் பழி மொத்தமும் என்கொயரி மேல் விழுந்துவிட்டது.

இரண்டாவது விஷயம்: "அந்த மாதம் சம்பளக் கணக்கை மாற்றியதில் டூவீலர் லோன் இ.எம்.ஐ. பவுன்ஸ் ஆனது, 12 நாளில் கட்டிவிட்டேன்" என்கிறீர்கள். வங்கிகள் கடன் விவரங்களை சிபில் போன்ற நிறுவனங்களுக்குக் குறைந்தது 15 நாளுக்கு ஒருமுறை தர வேண்டும் என்ற விதி 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. முன்பு மாதம் ஒருமுறை தந்த காலத்தில் 12 நாள் தாமதம் பலமுறை பதிவாகாமலே போய்விடும். இப்போது மாட்டிக்கொள்ளும் வாய்ப்பு அதிகம். ரிப்போர்ட்டில் டூவீலர் கடனுக்குக் கீழே மாத வாரியாகக் கட்டங்கள் இருக்கும். அந்த மாதக் கட்டத்தில் என்ன எண் இருக்கிறது, அதாவது எத்தனை நாள் தாமதம் என்று காட்டுகிறது என்று பாருங்கள். தாமதம் பதிவாகியிருந்தால் அந்த ஒரு கட்டத்துக்கே பல என்கொயரிகளை விட எடை அதிகம். பழைய கட்டங்கள் 36 மாதம் வரை தெரியும். அதை அழிக்க முடியாது, அடுத்த கட்டங்களைச் சுத்தமாக வைத்துக்கொள்ள முடியும்.

அதிகாரி அந்தப் பக்கத்தை எப்படிப் படிக்கிறார்?

வங்கியில் கடன் பிரிவில் பல வருடம் இருந்தவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். ரிப்போர்ட் மேசைக்கு வந்ததும் ஸ்கோரைப் பார்ப்போம், அடுத்து தவணைக் கட்டங்கள், அடுத்து நிலுவைகள். என்கொயரி பக்கத்துக்குக் கடைசியில்தான் போவோம். ஆனால் அங்கே போனதும் முதலில் தேடுவது ஒன்றைத்தான்: இத்தனை பேரிடம் கேட்டவருக்கு யாராவது கொடுத்தார்களா? 11 என்கொயரி இருந்து, அதன் பின் புதுக் கடன் எதுவும் இல்லையென்றால், பதினொரு பேரும் மறுத்திருக்கிறார்கள் என்று சொல்லாமலே தெரிந்துவிடும். எல்லாமே அடமானம் இல்லாத பெர்சனல் லோன் என்றால், "இவர் பணத்துக்கு ரொம்ப நெருக்கடியில் இருக்கிறார்" என்ற முடிவுக்கு வந்துவிடுவோம். ஸ்கோரில் ஐந்தாறு புள்ளி குறைந்ததை விட இந்த எண்ணம்தான் விண்ணப்பதாரருக்குக் கெடுதல் செய்கிறது.

அதே நேரம், அந்தப் பக்கத்துக்குக் காரணம் சொல்லி ஒரு தாள் இருந்தால் பார்வை மாறும். மருத்துவமனை டிஸ்சார்ஜ் சம்மரி, பில் நகல், அரைப் பக்க விளக்கக் கடிதம் ஆகியவற்றை வீட்டுக் கடன் விண்ணப்பத்தோடு முதல் நாளே வையுங்கள். 11 என்கொயரியும் அந்த 9 நாளுக்குள் அடங்குவதையும், அறுவைசிகிச்சைத் தேதியையும் அதில் எழுதுங்கள். கேட்ட பிறகு சொன்னால் சமாளிப்பு போலத் தெரியும். அப்படி முன்கூட்டியே வந்த கடிதங்களை மேலதிகாரிக்கு நானே பரிந்துரையோடு அனுப்பியிருக்கிறேன்.

முதல் வங்கி மறுத்தபோது ஏன் என்று நீங்கள் கேட்கவில்லை. அந்த நேரத்தில் கேட்கத் தோன்றாதுதான். ஆனால் எந்த வகைக் கடனாக இருந்தாலும், கிரெடிட் கார்டாக இருந்தாலும், நிராகரித்ததற்கான முக்கியக் காரணத்தை வங்கி எழுத்தில் சொல்ல வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. இப்போதுகூட அந்த வங்கிக்கு மெயில் அனுப்பிக் கேளுங்கள். கார்டு நிலுவையா, அந்த பவுன்ஸா, சம்பளத்துக்கு மீறிய தொகையா, சாதாரண முகவரிக் குழப்பமா என்று தெரிந்துவிடும். காரணம் தெரியாமல் அடுத்தடுத்துப் போட்ட பத்து விண்ணப்பங்களும் அநேகமாக அதே இடத்தில்தான் தடுக்கி விழுந்திருக்கும்.

தெரியாத அந்த இரண்டு பெயர்கள்

இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். உடனே மோசடி என்று பதற வேண்டியதில்லை. கடன் செயலியின் பெயர் ஒன்றாக இருக்கும், பின்னால் பணம் தரும் நிதி நிறுவனத்தின் பெயர் வேறாக இருக்கும். ரிப்போர்ட்டில் நிறுவனத்தின் பெயர்தான் வரும். ஒப்பீட்டுத் தளத்தில் நீங்கள் ஒரே படிவம்தான் நிரப்பியிருப்பீர்கள், அதன் அடியில் இருந்த சம்மதக் கட்டத்தில் டிக் செய்ததால் அது ஐந்து நிறுவனங்களுக்குப் போயிருக்கலாம். உங்கள் ஆவணங்களை வாங்கிய ஏஜென்ட்டும் ஒரே நாளில் மூன்று வங்கியில் உள்ளே போட்டிருக்கலாம். கமிஷனுக்காக ஓடுபவர்கள் அப்படித்தான் செய்வார்கள், உங்களிடம் சொல்லவும் மாட்டார்கள். எந்தச் செயலி எந்த நிறுவனத்தோடு சேர்ந்தது என்ற பட்டியலை 2025 ஜூலை முதல் ரிசர்வ் வங்கி தன் இணையதளத்தில் தருகிறது. அதில் சரிபாருங்கள். கடன் கொடுப்பவர் யாராவது உங்கள் ரிப்போர்ட்டை எடுத்தால் எஸ்.எம்.எஸ். அல்லது மெயில் வர வேண்டும் என்ற விதியும் 2024 ஏப்ரலில் இருந்து நடைமுறையில் இருக்கிறது. அந்த 9 நாளில் வந்த செய்திகளைத் தேடிப் பாருங்கள், தேதி பொருந்தும்.

அப்படியும் பிடிபடவில்லை என்றால், முதலில் ரிப்போர்ட்டின் கணக்குகள் பகுதியில் உங்கள் பெயரில் நீங்கள் வாங்காத கடன் எதுவும் இல்லை என்று உறுதி செய்யுங்கள். இருந்தால் அது அடையாளத் திருட்டு. அந்த நிறுவனத்துக்கும், 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கும் உடனே புகார் போக வேண்டும். கடன் இல்லை, என்கொயரி மட்டும்தான் என்றால், "எந்தச் சம்மதத்தின் பேரில் என் ரிப்போர்ட்டை எடுத்தீர்கள், பதிவைக் காட்டுங்கள்" என்று அந்த நிறுவனத்துக்கு எழுதுங்கள். கூடவே சிபிலின் தளத்தில் முரண்பாட்டுப் புகார் பதியுங்கள். அனுமதியில்லாமல் ஒருவரின் கடன் தகவலை எடுப்பதை 2005 சட்டத்தின் 22-ஆம் பிரிவு தடை செய்கிறது.

புகார் கொடுத்த 30 நாளுக்குள் தீர்வு வர வேண்டும். தாண்டினால், தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு உங்களுக்குச் சேர வேண்டும். கடன் நிறுவனம் தன் பதிலை 21 நாளுக்குள் தராவிட்டால் அவர்கள் கொடுக்க வேண்டும், அவர்கள் தந்தும் சிபில் தாமதித்தால் சிபில் கொடுக்க வேண்டும். பதிலே வரவில்லை அல்லது திருப்தி இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை. விவரம் கேட்க 14448 என்ற எண் இருக்கிறது. 2022 செப்டம்பர் முதல் சிபில் போன்ற கடன் தகவல் நிறுவனங்கள் மீதும் அங்கே புகார் கொடுக்க முடிகிறது.

நீங்களே விண்ணப்பித்த மற்ற ஒன்பது வரிகள் உண்மையானவை. அவற்றை யாரும் அழிக்க முடியாது. கடன் கொடுத்தவர் உறுதி செய்யாமல் சிபிலே ஒரு எழுத்தையும் மாற்றாது. 15,000 ரூபாய் கேட்பவர் எல்லா வரியையும் "நான் செய்யவில்லை" என்று உங்கள் பெயரில் பொய்ப் புகார் போடுவார், அவ்வளவுதான். அதற்கு உங்கள் பானும் ஓ.டி.பி.யும் அவர் கையில் இருக்கும். பணம் போவது சின்ன நஷ்டம். அவரிடம் ஓ.டி.பி. ஏற்கெனவே கொடுத்திருந்தால் சிபில் தளத்தில் உங்கள் கடவுச்சொல்லை இன்றே மாற்றுங்கள்.

வீட்டுக் கடனுக்கு முன் உள்ள நான்கு மாதம்

இந்த நான்கு மாதமும் புது விண்ணப்பம் எதுவும் வேண்டாம். "ப்ரீ அப்ரூவ்டு" என்று வரும் அழைப்பு, கடையில் தவணைக்குப் போன், இப்போது வாங்கிப் பிறகு கட்டும் வசதி எல்லாவற்றையும் தள்ளி வையுங்கள். கடைசியில் சொன்னதும் கடன்தான், ரிப்போர்ட்டில் வரும். பெரும்பாலான கடன் அதிகாரிகள் கடந்த 6 மாத என்கொயரிகளைத்தான் உற்றுப் பார்ப்பார்கள். நீங்கள் வீட்டுக் கடனுக்குப் போகும்போது அந்த 11-க்கும் ஆறு மாதம் ஆகிவிட்டிருக்கும். பில்டர் சம்மதித்தால் இன்னும் ஒரு மாதம் தள்ளுவது நல்லது.

கார்டை மூடாதீர்கள். ஏழு வருடக் கார்டு என்கிறீர்கள். மூடினால் அந்த லிமிட் போய்விடும், நிலுவையைக் கட்டித் தீர்க்காமல் மூடவும் முடியாது. செய்ய வேண்டியது நிலுவையைக் குறைப்பது. லிமிட்டில் 30 சதவீதத்துக்குள் வைத்துக்கொள்ளச் சொல்வது ஓர் அனுபவக் கணக்கு. உங்களுக்கு அது 36,000 ரூபாய். அப்படியானால் 72,000 ரூபாயை இறக்க வேண்டும்.

இங்கேதான் நீங்கள் மனம் வரவில்லை என்று எழுதிய அந்த ஐந்து பவுன் நகையைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. கார்டு வட்டி பொதுவாக மாதம் 3 முதல் 3.75 சதவீதம். 3.5 என்று வைத்தால் 72,000-க்கு மாதம் 2,520 ரூபாய் வட்டி. மினிமம் டியூ கட்டும்போது பெரும்பகுதி வட்டிக்கே போய்விடும், அசல் அசையாது. வங்கி நகைக் கடன் ஆண்டுக்கு 10 சதவீதம் என்றால் அதே தொகைக்கு மாதம் 600 ரூபாய். நகையை அடகு வைப்பது மனதுக்குக் கஷ்டம்தான், எனக்குப் புரிகிறது. ஆனால் கார்டில் மாதம் 1,920 ரூபாய் கூடுதலாகப் போய்க்கொண்டிருப்பது கண்ணுக்குத் தெரியாததால்தான் வலிக்கவில்லை. சில வங்கிகள் நகைக் கடனுக்கும் ரிப்போர்ட் எடுப்பார்கள். அந்த ஒரு வரி கூடினால் கூடட்டும், புது விண்ணப்பம் வேண்டாம் என்று சொன்னதற்கு இது மட்டும் விதிவிலக்கு. மீதி 36,000-ஐச் சம்பளத்திலிருந்து இறக்கிக்கொண்டே வாருங்கள். நிலுவையை இ.எம்.ஐ. ஆக மாற்றச் சொல்லி கார்டு நிறுவனம் அழைக்கும். வட்டி குறையலாம், ஆனால் கட்டி முடிக்காத தொகை பொதுவாக லிமிட்டைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கும். நகைக்கு மனமே வரவில்லை என்றால் மட்டும் அதை யோசியுங்கள்.

வீட்டுக் கடன் நேரம் வரும்போது, "இனி ஒரே ஒரு இடத்தில்தான் கேட்பேன்" என்று எதிர்ப்பக்கம் சாய்ந்துவிடாதீர்கள். முதலில் நீங்கள் எடுத்த ரிப்போர்ட்டை அச்சடித்துக்கொண்டு மூன்று வங்கிக் கிளைகளுக்கு நேரில் போங்கள். "இதைப் பார்த்து எவ்வளவு தருவீர்கள், என்ன வட்டி என்று சொல்லுங்கள், இப்போதைக்கு என் ரிப்போர்ட்டை எடுக்க வேண்டாம்" என்று தெளிவாகச் சொல்லுங்கள். படிவத்தில் கையெழுத்துப் போடாதவரை என்கொயரி விழக் கூடாது. அதில் தேறும் இரண்டு வங்கியில் முறையாக விண்ணப்பிக்கலாம். 25 லட்சம் ரூபாய், 20 வருடம் என்றால், 8.75 சதவீத வட்டிக்கும் 8.5 சதவீத வட்டிக்கும் இடையில் மாதம் சுமார் 397 ரூபாய் வித்தியாசம். வட்டி மாறாது என்று வைத்தால் முடிவில் ஏறக்குறைய 95,000 ரூபாய். ஓர் என்கொயரிக்குப் பயந்து இதை விடக் கூடாது. இத்தனை ஸ்கோர் இருந்தால்தான் கடன் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி வரம்பு எதுவும் வைக்கவில்லை. ஒவ்வொரு வங்கியும் தன் கொள்கைப்படி முடிவு செய்கிறது. உங்கள் கணவரின் ஸ்கோர் நன்றாக இருந்து, அவர் சம்பளம் உங்களை விட அதிகமென்றால், அவரை முதல் விண்ணப்பதாரராகப் போடலாமா என்றும் அங்கே கேளுங்கள். இருவர் ரிப்போர்ட்டையும் எடுப்பார்கள், இரண்டிலும் என்கொயரி பதிவாகும். அண்ணனின் கைமாற்று எந்த ரிப்போர்ட்டிலும் வராது. ஆனாலும் மாதம் அவருக்கு எவ்வளவு திருப்பித் தருகிறீர்கள் என்பதைக் கழித்துவிட்டே வீட்டு இ.எம்.ஐ.யைக் கணக்கிடுங்கள்.

கடைசியாக, பில்டர் கேட்கும் முன்பணம். கடன் அனுமதி கடிதம் கைக்கு வராமல் பெரிய தொகை கொடுக்காதீர்கள். கொடுத்தே ஆக வேண்டும் என்றால், "வங்கிக் கடன் அனுமதி கிடைக்காத பட்சத்தில் முன்பணம் முழுவதும் இத்தனை நாளுக்குள் திருப்பித் தரப்படும்" என்ற வரியை ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிய பிறகு கொடுங்கள். அந்த வரியைச் சேர்க்க அவர் மறுத்தால், ஒப்பந்த நகலை எனக்கு அனுப்புங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.